வலது பின்சக்கரம்

ஜூன் 11, புதன்

மாத்திரை நேரங்களை எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். நான் வேலை பார்க்கும் கார் உதிரிபாகக் கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமையாகக் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

காலை எட்டு: வலி மாத்திரை, வயிற்று மாத்திரை. பகல் இரண்டு: வலி மாத்திரை. மாலை ஆறு: ஊசி. அதற்கு நர்ஸ் பெண் வந்து போவாள்.

என் மனைவி தமயந்தி இன்று வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். வலது இடுப்பில் தகடும் ஆறு திருகாணிகளும். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஹாலில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். படுத்துக்கொண்டே பார்த்தால் சிங்காநல்லூர்க் குளத்தின் ஒரு ஓரம் தெரியும்.

"குளத்துல தண்ணி ஏறியிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல அம்மிணி. மேகம் கீழ எறங்கியிருக்குது."

அதையே பார்த்துக்கொண்டிருந்து தூங்கிப்போனாள்.

ஜூன் 13

நர்ஸ் பெண் ஊசி போட்டுக்கொண்டே, "கீழ விழுந்துட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"வண்டியோட விழுந்தேன்" என்றாள் தமயந்தி. அந்தப் பெண் ஸ்கூட்டர் என்று நினைத்துக்கொண்டாள். நான்தான் திருத்தினேன். "இவங்க பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். லீவு நாள்ல கார் ரேஸ் ஓட்டுவாங்க."

"நெசமாவாங்கண்ணா?"

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சாலை. மூன்று கிலோமீட்டர், பதினோரு வளைவு. எல்லா வண்டியும் சேர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொன்றாகக் கீழிருந்து மேலே ஏறவேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. மே 25, ஞாயிறு, பகல் பதினொன்றரைக்கு இவள் முறை. ஏழாவது வளைவு இடப்பக்கம் திரும்புவது. அங்கே வண்டியின் வால் வெளியே போய்விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி, சில்வர் ஓக் மரம் ஒன்றில் பக்கவாட்டில் மோதி நின்றது.

நான் மேலே, சாலை முடியும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல பனி. வண்டி தெரியாது, சத்தம் மட்டும்தான். மலைக்குள்ளிருந்தே யாரோ பாடிக்கொண்டு ஏறி வருவதுபோல வந்தது. பிறகு வரவில்லை.

ஜூன் 16

பகல் மாத்திரைக்குப் பிறகு பாதித் தூக்கத்தில் கிடந்தாள். போர்வைமேல் வலது கை மெல்ல அசைந்தது. இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பியது. உதடுகள் முணுமுணுத்தன.

"வலது... நீளம்... வலது... இடது, சின்னது..."

அந்தச் சாலை எனக்கும் மனப்பாடம். கூடவே எண்ணிக்கொண்டு போனேன். நான்கு, ஐந்து, ஆறு. வெளியே சாரல். அறை முழுவதும் பனி வந்துவிட்டதுபோல இருந்தது. ஏழாவதில் அவள் கை நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"அங்கதானுங்க. எத்தன தடவ ஓட்டிப் பாத்தாலும் அங்க கை பொய் சொல்லிருது."

"கை என்ன பண்ணுச்சு?"

"புதுசா ஒண்ணும் பண்ணலீங்க. மத்த வளைவுல என்ன பண்ணுச்சோ அதையேதான் பண்ணுச்சு. மூணாவதும் இடதுதான். அங்கயே வண்டி லேசா ஆடுச்சு. பனிக்கு டயர் சூடாகலைன்னு நெனச்சுக்கிட்டேன். வண்டி எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. அப்பக் கைதானுங்களே தப்பு?"

தலையணையைச் சரிசெய்தேன்.

ஜூன் 19

பெலிக்ஸ் வந்தான். போத்தனூரில் பட்டறை வைத்திருக்கிறான். ஒன்பது வருடமாகத் தமயந்தியின் வண்டியை அவனைத் தவிர வேறு மெக்கானிக் தொட்டதில்லை. ஒரு பை சாத்துக்குடியோடு வாசலிலேயே நின்றான்.

"தங்கச்சி, எப்படிம்மா இருக்க?"

"உள்ள வாங்கண்ணா. நான் கடிக்க மாட்டேன்."

சிரித்தான். உள்ளே வரவில்லை. என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டான். வண்டி அவன் பட்டறையில்தான் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. தொட மனசு வரவில்லை என்றான்.

"மூர்த்தி, கடைசியா பின்சக்கரத்துல ஒரு லிங்க் மாத்துனோமே, அது வந்த டப்பா இருக்கா? சும்மா நம்பரப் பாக்கணும்."

"நனஞ்சு போச்சுப்பா. அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டேன்."

"சரி விடு. நீ குடுத்தது சரியாத்தான் இருக்கும். நான்தான் போல்ட்ட ஒழுங்கா முறுக்காம விட்டுட்டனோன்னு..." முடிக்காமல் கிளம்பிவிட்டான்.

பகல் மாத்திரை பத்து நிமிடம் தாமதம்.

ஜூன் 20

மாத்திரைகள் சரியான நேரத்துக்கு. சாரல். குளத்தில் நாரைகள்.

ஜூன் 24

பந்தயம் நடத்திய கிளப்பிலிருந்து கடிதம். விபத்தை விசாரித்து எழுதியிருக்கிறார்கள். செயலாளர் கனகசபாபதி நல்ல மனிதர், வார்த்தைகளைத் தேடித்தான் எழுதியிருந்தார். ஆனாலும் கடைசி வரி, "ஓட்டுநரின் கைத்தவறு" என்று இருந்தது. தமயந்தி இரண்டு முறை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"சரியாத்தானுங்க எழுதியிருக்காங்க."

பிறகு குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாப்பிடவில்லை. மாலையில் இரண்டு இட்லி.

ஜூன் 28

ஒரு பல் டாக்டர் கடைக்கு வந்தார். பெங்களூரிலிருந்து பழைய வெஸ்பர் வாங்கியிருக்கிறாராம். எங்கள் வண்டியும் வெஸ்பர்தான், இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் வெஸ்பர். பட்டறைகளில் சாதா என்பார்கள். இன்னொன்று வெஸ்பர் ஆர். தமயந்தியுடையது ஆர். டாக்டர் வாங்கியது சாதா.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? பாத்தா ஒரே மாதிரி இருக்கே?"

"முன்பக்கம் ஒண்ணுதான் சார். வித்தியாசமெல்லாம் பின்னால, அடியில."

பத்தொன்பது வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஆர் வண்டியின் பின்பக்கச் சுருள்வில் ஒரு விரல் அளவு குட்டை. அடையாளத்துக்கு மஞ்சள் பொட்டு இருக்கும். ஷாக் அப்சார்பர் கெட்டி. கையால் அழுத்தினால் சாதா இறங்கும், ஆர் யோசித்துவிட்டு இறங்கும். இரண்டு பின்சக்கரங்களையும் சேர்க்கும் குறுக்குக் கம்பி சாதாவில் சுண்டுவிரல் பருமன், ஆரில் கட்டைவிரல் பருமன். சாதா வண்டி சாலையின் மேடுபள்ளங்களைத் தானே வாங்கிக்கொள்ளும், மெத்தையில் போவதுபோல. ஆர் எதையும் மறைக்காமல் ஓட்டுகிறவரின் முதுகுக்குச் சொல்லிவிடும். இரண்டும் நல்ல வண்டிகள்தான். ஒன்று உலாவப் போவதற்கு, ஒன்று ஓடுவதற்கு.

பிறகு லிங்க். பின்சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கவேண்டும் என்று பிடித்துவைத்திருக்கும் முழ நீளக் கம்பி. அதிலும் வித்தியாசம் உண்டு.

நர்ஸ் வந்துவிட்டாள். நிறுத்துகிறேன்.

ஜூலை 3

பகலில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். கனவில் வெஸ்பர் தேயிலைக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஓட்டுகிறவர் யாரும் இல்லை. நான் பின்னால் நடந்து போகிறேன். வண்டி வேகமாகவும் போகவில்லை, ஆனாலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. பின்பக்கம் மட்டும் தெரிகிறது. இடது சக்கரம் நேராகப் பார்க்கிறது. வலது சக்கரம் கொஞ்சம் விலகி வேறெங்கோ பார்க்கிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் போய்விட்ட ஆளைப்போல.

தமயந்தி எழுப்பினாள். "மணி ரெண்டரைங்க. மாத்திர?"

ஜூலை 9, புதன்

புதன்கிழமைகளில் பெலிக்ஸ் மாதா கோவிலுக்குப் போவான். பட்டறையில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

தார்ப்பாயை விலக்கியதும் தேயிலை வாசம் வந்தது. சக்கரத்து இடுக்குகளில் இலைகள் காய்ந்து கருத்திருந்தன. ஓட்டுகிறவர் பக்கத்து நீலக் கதவு உள்ளே மடங்கிக் கிடந்தது. அதைப் பார்க்காமல் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, படுத்துக்கொண்டு, இடது லிங்க்கையும் வலது லிங்க்கையும் கழற்றினேன். பக்கத்துக்கு இரண்டு போல்ட். நான்கும் இறுக்கமாக, முறையாக முறுக்கப்பட்டிருந்தன. கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பெலிக்ஸ் கைவேலையில் ஒரு குறையும் இல்லை.

சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை அலமாரியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 10

எழுதிவிடுகிறேன்.

மே முதல் வாரம் பயிற்சியில் கல் அடித்து வலது லிங்க் வளைந்துபோனது. ஆர் லிங்க் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். மே 16, வெள்ளிக்கிழமை டப்பா வந்தது. நம்பரில் கடைசி எழுத்து மட்டும் வேறு. சாதா வண்டியின் லிங்க். அனுப்பியவர்களைக் கூப்பிட்டேன். ஆர் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

இரண்டுக்கும் நீளம் ஒன்று, துளை ஒன்று. முனைகளில் தகடு மூடியிருப்பதால் வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. தகட்டுக்குள் இருக்கும் ரப்பர்தான் வேறு. ஆரில் அது முழு வட்டம், கெட்டி. சாதாவில் ரப்பருக்குள் பிறைபோல இரண்டு வெட்டு இருக்கும், அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. சாதாரணமாக ஓட்டினால் யாருக்கும் தெரியாது. பந்தய வேகத்தில் இடப்பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலது பின்சக்கரத்தில் ஏறும். அப்போது அந்த ரப்பர் நசுங்கும். சக்கரம் ஒரு நூலளவு வெளியே திரும்பும். இடது சக்கரம் நேராகவே இருக்கும். வண்டியின் வால் வெளியே போகப் பார்க்கும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். பல் டாக்டருக்குச் சொல்வதுபோல யாருக்கு வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

அன்று மாலை பள்ளிக்கூடத்துக் கோடை முகாமிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. "வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"ஆர்தானுங்களே?"

இந்தப் பந்தயத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தாள். முதல் வருடம் பரீட்சை வேலை வந்து தடுத்தது. அடுத்த வருடம் அவள் அம்மா தவறிப்போனார்கள். மூன்றாவது வருடம் மழையில் பந்தயமே நடக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆர்தான்" என்றேன்.

கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்து, முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்து ஆட்டினாள். லிங்க்கை டப்பா இல்லாமல் பெலிக்ஸிடம் கொடுத்தேன். டப்பா நனையவில்லை. கடையில் மேல்தட்டில், பிரேக் ஷூக்களுக்குப் பின்னால் இருக்கிறது.

ஒரு ரப்பர்தானே என்று நினைத்தேன் என்று எழுதவந்தேன். அதுவும் பொய். எதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஜூலை 15

வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்கிறாள். பிசியோதெரபிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஆட்டோ இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். வலப்பக்கம் திரும்பும்போது மூடவில்லை. அது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "வண்டிய எந்த நெலமையில இருக்குதோ அப்படியே வித்துருங்க. ஸ்கூட்டரையும் குடுத்துருங்க."

"ஸ்கூட்டர் எதுக்கு அம்மிணி?"

"இனி என்னால சைக்கிள் கூட ஓட்ட முடியாதுங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கையப் புடிச்சு லாங் ஜம்ப்புக்கு ஓட விடுவேன். அதுக்கே பயமா இருக்குது. என் கைய நம்பி யாரும் எதையும் குடுக்கக்கூடாது."

தன் வலது கையை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

ஜூலை 21

பெலிக்ஸ் பட்டறையை மூடப்போகிறான். மகன் மஸ்கட்டுக்குக் கூப்பிடுகிறானாம், ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறானாம். டீக்கடையில் சொன்னான்.

"அங்க போயி என்னப்பா பண்ணுவே?"

"பேரன ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேன். வேற என்ன." டம்ளரைப் பிடித்திருந்த கையைக் காட்டினான். "மூர்த்தி, அன்னைக்கு அந்த வலது போல்ட்ட முறுக்குனது எனக்கு ஞாபகமே இல்லடா. இடது ஞாபகம் இருக்கு. வலது இல்ல. தங்கச்சிக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் எங்க போயிருப்பேன்? ரெண்டு மாசமா ஸ்பேனரத் தொட முடியல."

நான் என் டீயைக் குடித்து முடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஜூலை 22

சொல்லவில்லை.

ஜூலை 24

இன்றும்.

ஜூலை 27, ஞாயிறு

காலை மாத்திரை கொடுத்தேன். மழை விட்டிருந்தது. குளத்தின்மேல் வெள்ளையாக ஒரு புகை நின்றது. அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அலமாரியிலிருந்து சாக்கை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். போர்வை அழுக்காகும் என்று அவள் சொல்வதற்குள் பிரித்துவிட்டேன்.

"என்னதுங்க இது?"

"நம்ம வண்டியோட லிங்க். இது இடது. இது வலது."

முனைத்தகடுகளை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தேன். அவள் இடதின் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை. வலதை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. நான் பேசுவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இது ஆர் இல்லீங்களே."

"இல்ல."

"யாரு மாத்துனாங்க?"

"யாரும் மாத்தல அம்மிணி. வந்ததே சாதாதான். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஆர்னு சொன்னேன். பெலிக்ஸுக்கும் தெரியாது. டப்பாவ ஒளிச்சு வச்சிருக்கேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். எதையாவது எடுத்து எறிவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடினாள். வலது கை எழுந்தது.

"வலது... நீளம்... வலது..."

நான் எண்ணினேன். வேண்டாம் என்றாலும் மனம் எண்ணிக்கொண்டே போனது. மூன்றாவதில் அவள் விரல்கள் கொஞ்சம் நிதானித்தன. ஐந்து. ஆறு. ஏழாவதில் கை நிற்கவில்லை. சீக்கிரமே பிரேக்கை மிதித்தாள் என்று நினைக்கிறேன், தோள் முன்னால் வந்தது. வளைவை அகலமாக எடுத்தாள். எட்டு. ஒன்பது. மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது. கை ஓட்டிக்கொண்டே இருந்தது. பத்து. பதினொன்று.

"மேல வந்துட்டேன்" என்றாள்.

நெடுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள்.

"என் கை சரியாத்தானுங்க இருந்துருக்குது."

"ஆமா."

"சரியாத்தான் இருந்துருக்குது." சிரித்தாள். ஒரு நொடி எல்லாம் முடிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு மாசம். ரெண்டு மாசமா என் கையப் பாக்கவே எனக்குப் புடிக்கல. நீங்க பக்கத்துலயே உக்காந்து மாத்திர குடுத்துக்கிட்டு இருந்தீங்க. கிளப்பு லெட்டரப் படிச்சேனே, அப்பக்கூட இங்கதான நின்னீங்க?"

"இங்கதான் நின்னேன்."

"சாதா வந்துருக்குது, இந்த வருசம் வேண்டாம்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். ஒரு நாள் அழுதிருப்பேன். எப்புடிப்பட்ட காரியம் பண்ணிப்போட்டீங்க!"

சொல்வதற்கு இருந்ததெல்லாம் போர்வைமேல் கிடந்தது.

"எந்திரிச்சு அக்கட்டால போங்க. உங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க."

போனேன்.

ஜூலை 28

இரண்டு லிங்க்கையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போத்தனூர் போனேன். பெலிக்ஸ் டப்பாவின் நம்பரைப் படித்தான். ரப்பரைப் பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ச் சுவரோரத் தட்டிலிருந்து எதையோ எடுத்துவந்து என் முன்னால் போட்டான். இரண்டு பழைய லிங்க்குகள், ஒரு ஜோடி.

"என்னன்னு பாரு."

பார்த்தேன். சாதா.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பக்கமும் சாதாவே மாட்டியிருப்பேன்டா. ரெண்டும் ஒண்ணா இருந்தா வண்டி கொஞ்சம் மெத்துமெத்துன்னு போகும். தங்கச்சி ரெண்டு செகண்டு லேட்டா மேல ஏறியிருக்கும். அவ்வளவுதான். அவ்வளவுதான்டா மூர்த்தி."

முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"போல்ட்டு நாலும் சரியா இருந்துச்சு பெலிக்ஸ். நானே சோதிச்சுப் பாத்தேன்."

"போ" என்றான். "நீ இப்பப் போயிரு."

ஜூலை 30

உடுமலையிலிருந்து கோகிலா அக்கா வந்து தமயந்தியைக் கூட்டிப்போனாள். தமயந்தியின் உடன்பிறந்த அக்கா, அதட்டிப் பேசுகிறவள். இன்று என்னிடம் ஒன்றும் பேசவில்லை. மாத்திரை நேரங்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். தமயந்தி அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"கோவம் இருக்குது" என்றாள். "எத்தன நாளைக்கு இருக்கும்னு எனக்குத் தெரியாது. கேக்காதீங்க."

"கேக்கல."

ஆகஸ்ட் 2

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துக் குடோனுக்குப் போட்டுவிட்டார். நியாயம்தான். குடோனில் மேலே ஒரு சின்ன ஜன்னல். பத்து மணிக்கு வெயில் சாய்ந்து வரும். தூசி அதில் மிதந்துகொண்டிருக்கும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

போன வாரம் கிளப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். கனகசபாபதி படித்துவிட்டு, "இத மீட்டிங்குல எல்லாருக்கும் படிச்சுக் காட்டணுமே, பரவாயில்லீங்களா?" என்று கேட்டிருந்தார்.

இன்று படித்தார். இருபது பேர் இருந்தார்கள். நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பதிவேட்டில் பழைய வரியை அடித்து, "பொருந்தாத உதிரிபாகத்தால் நேர்ந்தது; ஓட்டுநர்மீது தவறில்லை" என்று எழுதினார். அதன் கீழ் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

வெளியே வரும்போது ஒருவர் மட்டும் கேட்டார். "டீச்சர் திரும்ப எப்ப ஓட்டுவாங்க?"

தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 10

பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 17

காலை எட்டு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு ஜன்னல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது தண்ணீர் எடுத்தேன் என்பது நினைவில்லை. கட்டிலில் வெயில் மட்டும் படுத்திருந்தது. தண்ணீரை நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 26

கோகிலா அக்கா போன் செய்தாள். எடுத்ததும், "உங்களுக்காகச் சொல்லல. சொல்லாம இருக்க முடியல, அதனால சொல்றேன்" என்றாள்.

டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாராம். தோப்புக்குள் போகும் மண் சாலையில், அக்காவின் சின்னக் காரைத் தமயந்தி இன்று எடுத்திருக்கிறாள். முதல் சுற்று மாட்டுவண்டி வேகம். ஐந்தாவது சுற்றில் தென்னைமரத்துக் கிளிகளெல்லாம் பறந்துவிட்டனவாம்.

"அழுதுக்கிட்டேதான் ஓட்டுனா. ஆனா நல்லா ஓட்டுனா."

"சரிங்கக்கா."

"என்ன சரி? சாப்பிட்டீங்களா?"

ஆகஸ்ட் 31

பெலிக்ஸ் மஸ்கட்டுக்குப் போகவில்லை. பட்டறை திறந்திருக்கிறது என்று குடோனுக்கு வந்த லாரி டிரைவர் சொன்னார். நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தானாம்.

போய்ப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் போவேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினொரு மணிக்கு, என் இடத்தில் இப்போது கவுண்டரில் நிற்கிறவர் குடோனுக்கு வந்தார். "மூர்த்தி, வெஸ்பர் சாதா லிங்க் ரெண்டு எடுத்துட்டு வா. வந்தவங்க உன்னையே கொண்டுவரச் சொல்றாங்க."

தட்டிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தேன். நம்பரை மூன்று முறை படித்தேன். கவுண்டருக்கு வந்தபோது தமயந்தி ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். வாசலில் அக்காவின் சின்னக் கார், அவளே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். உடுமலையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல்.

"ஆர் வர்றதுக்கு நாளாகுமாம்" என்றாள், கவுண்டரைப் பார்த்து. "அதுவரைக்கும் ரெண்டு பக்கமும் சாதா போதும்னு பெலிக்ஸண்ணன் சொன்னாரு. அவருகிட்ட இருக்கற ஜோடி பழசு."

டப்பாக்களை அவள் முன்னால் வைத்தேன். முதல் டப்பாவின் நம்பரை ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். திறந்து லிங்க்கை எடுத்தாள். முனைத்தகட்டை நகத்தால் நெம்பி ரப்பரைப் பார்த்தாள், அழுத்தினாள். இரண்டாவதையும் அப்படியே. கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். கவுண்டர்க்காரர் வேறெங்கோ பார்த்தார். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவசரப்படவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். "கட்டிக் குடுங்க."

கட்டினேன். அவளால் ஊன்றுகோலோடு தூக்க முடியாது. டப்பாக்களை நானே எடுத்துக்கொண்டு கூடவே வாசலுக்குப் போனேன். வெளியே வெயிலோடு தூறல். கடைக்கு மூன்று படிகள். முதல் படியில் நின்று, ஊன்றுகோலைக் கீழ்ப்படியில் வைத்துப் பார்த்தாள். ஈரத்தில் வழுக்கியது. எடுத்துவிட்டாள்.

பக்கத்தில் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடது கையை என் தோளில் வைத்தாள். மணிக்கட்டின் எலும்பு கொஞ்சம் புடைத்து ஆறியிருந்தது. முழு பாரத்தையும் வைக்கவில்லை. பாதியைத்தான் வைத்தாள்.

"மெதுவா" என்றாள்.

மெதுவாக இறங்கினோம்.